கைக்குழந்தைக்குக் கதை நேரம்: நூலகத்திலா, மடியிலா, திரையிலா?

பேச்சே வராத குழந்தைக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். இப்போது கேள்வி வேறு. நூலகத்தில் நடக்கும் கதை நேரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? வீட்டிலேயே மடியில் வைத்துப் படம் காட்டினால் போதாதா? கைபேசியில் வரும் பாட்டும் கதையும் அதே வேலையைச் செய்துவிடாதா?

வாரத்துக்கு 168 மணி நேரம். நூலகக் கதை நேரம் அதில் அரை மணி. அந்த அரை மணிக்குள் குழந்தை நேரடியாகக் கற்றுக்கொள்வது கொஞ்சம்தான். கூட வந்த பெரியவர் அங்கே கற்றுக்கொண்டு போகும் நான்கு பாட்டும், படத்தைக் காட்டும் விதமும், காத்திருக்கும் பழக்கமும்தான் மீதி வாரம் முழுக்கக் குழந்தைக்குப் போய்ச் சேர்கின்றன. ஆகவே எந்த வழியை எடைபோட்டாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதிலிருந்து பெரியவர் வீட்டுக்கு எதைக் கொண்டுபோகிறார்?

திரையை முதலில் பார்த்துவிடலாம்

இதில் குழப்பம் குறைவு. 2003இல் பட்ரிஷியா குல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் மொழியைக் கேட்கவைத்தார்கள். ஒரு குழுவுக்கு ஆள் நேரில் உட்கார்ந்து புத்தகம் படித்தார், பொம்மைகளை வைத்து விளையாடினார். மொத்தம் 12 அமர்வுகள். ஒவ்வொன்றும் சுமார் 25 நிமிடம். அந்தக் குழந்தைகள் மாண்டரினுக்கே உரிய ஒலி வேறுபாட்டைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதையே திரையில் பார்த்த குழந்தைகளுக்கும், ஒலிப்பதிவாக மட்டும் கேட்ட குழந்தைகளுக்கும் அந்தத் திறன் வரவில்லை.

நேரில் இருப்பவர் குழந்தை எங்கே பார்க்கிறதோ அங்கே பார்க்கிறார். அது ‘ங்கா’ என்றால் நிறுத்திக் கேட்கிறார், திருப்பிச் சொல்கிறார். திரை யாருக்காகவும் நிற்பதில்லை.

2010இல் ஜூடி டிலோச் குழுவினர், சொற்களைக் கற்றுத்தருவதாகச் சொல்லி விற்கப்பட்ட குறுந்தகடு ஒன்றை 12 முதல் 18 மாதக் குழந்தைகளிடம் நான்கு வாரம் சோதித்தார்கள். அதைப் பார்த்த குழந்தைகள், பார்க்காதவர்களைவிட அதிகச் சொல் கற்கவில்லை. குறுந்தகடு இல்லாமல், அன்றாட வேலைகளுக்கு நடுவே பெற்றோரே அந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுத்த குழுதான் முன்னே நின்றது. இன்னொன்றும் தெரியவந்தது: குறுந்தகட்டை விரும்பிய பெற்றோர், தங்கள் குழந்தை அதிலிருந்து நிறையக் கற்றதாக நம்பினார்கள். குழந்தை திரையை உற்றுப் பார்ப்பதைக் கற்பதாக எடுத்துக்கொள்வது அவ்வளவு எளிது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது. ஒரு வயதுக் குழந்தைகளுக்கும் அதைப் பரிந்துரைக்கவில்லை. உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவரோடு சேர்ந்து வாசிப்பதையும் கதை சொல்வதையும்தான் ஊக்குவிக்கிறது. தூரத்தில் இருக்கும் உறவினரோடு காணொளி அழைப்பில் பேசுவது வேறு. அங்கே எதிர்முனையில் இருப்பவர் குழந்தைக்குப் பதில் சொல்கிறார்.

பதிவுகளுக்கு நல்ல பயன் ஒன்று உண்டு. குழந்தை தூங்கும்போது பெரியவர் கேட்டு மெட்டைப் பிடித்துக்கொள்ளலாம். எழுந்ததும் பதிவை அணைத்துவிட்டுத் தன் குரலில் பாட வேண்டும். சுருதி விலகினால் பரவாயில்லை. குழந்தைக்குப் பழகிய குரல் அதுதான்.

நூலகக் கதை நேரம்: பெயர் ஒன்று, தரம் பல

‘கைக்குழந்தைகளுக்கான கதை நேரம்’ என்று அறிவிப்புப் பலகையில் இருந்தால் மட்டும் போதாது. முதலில் வயதுப் பிரிவைக் கேளுங்கள். நன்றாக நடத்தும் இடங்களில் பெரும்பாலும் தவழாத குழந்தைகள், தவழ்ந்து நிற்பவர்கள், நடக்கத் தொடங்கியவர்கள் என்று பிரித்திருப்பார்கள். மல்லாந்து கிடக்கும் மூன்று மாதக் குழந்தையின் பக்கத்தில் பதினெட்டு மாதக் குழந்தை ஓடினால், தாய் முழு நேரமும் கைகளால் அரண் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். பாட்டில் மனம் போகாது. தேவையும் வேறு. மடிக் குழந்தைக்கு ஆட்டமும் தொடுகையும் வேண்டும். நடக்கும் குழந்தைக்கு எழுந்து குதிக்க இடம் வேண்டும். இரண்டு வயது வரை எல்லோரும் ஒன்றாக என்றால், கூட்டம் சிறியதாக இருந்து, தவழாதவர்களுக்குத் தனி விரிப்பும் போட்டிருந்தால் மட்டும் போகலாம்.

அடுத்தது எண்ணிக்கை. 10 முதல் 15 குழந்தைகள், ஒவ்வொருவருக்கும் ஒரு பெரியவர் என்றாலே அறையில் 20 முதல் 30 பேர். அதைத் தாண்டினால் நடத்துபவர் ஒலிபெருக்கியை எடுப்பார், சத்தம் கூடும், சின்னக் குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அமர்வின் உள்ளே எப்படி இருக்க வேண்டும்? தொடக்கப் பாட்டில் ஒவ்வொரு குழந்தையின் பெயரும் வர வேண்டும். பிறகு மடியில் வைத்து ஆட்டும் பாட்டு மூன்று நான்கு, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று முறை. நடுவில் ஒரே ஒரு புத்தகம், மூன்று நான்கு நிமிடம். விரல் விளையாட்டு ஒன்று. அதன்பின் கிலுகிலுப்பையோ மெல்லிய துணியோ வைத்து ஒரு பாட்டு. வேகம் குறைந்து ஒரு தாலாட்டு, விடைபெறும் பாட்டு. இதெல்லாம் 20 முதல் 25 நிமிடத்துக்குள். அதன்பின் 15 நிமிடமாவது விரிப்பில் சும்மா விளையாட விட வேண்டும். பெரியவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதும் புத்தகம் எடுத்துச் செல்வதும் அப்போதுதான் நடக்கும். அதை வெட்டிவிட்டு நேரத்தை மிச்சம்பிடிக்கும் இடங்கள் பாதிப் பயனையே வெட்டிவிடுகின்றன.

நடத்துபவரின் மடியில் பொம்மை இருக்கிறதா என்று பாருங்கள். அது வேடிக்கைக்காக வைத்திருப்பதல்ல. குழந்தையை எப்படிப் பிடிப்பது, எந்த அசையில் தூக்குவது என்பதை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்துச் செய்வதற்காக. நல்லவர்கள் இன்னொன்றும் செய்வார்கள்: பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரே வாக்கியத்தில் காரணம் சொல்வார்கள். “மெதுவாகப் பாடினால் சொல் அசை அசையாகப் பிரிந்து காதில் விழும், பின்னால் எழுத்துக் கூட்டும்போது அது உதவும்.” வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான். அமெரிக்க நூலகங்களில் பரவிய ‘எவ்ரி சைல்ட் ரெடி டு ரீட்’ திட்டத்தின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பு பேசுதல், பாடுதல், வாசித்தல், எழுதுதல், விளையாடுதல் என ஐந்து பழக்கங்களை முன்வைப்பதே பெற்றோரை மனதில் வைத்துத்தான். (கைக்குழந்தைக்கு எழுதுதல் என்றால் விரலால் பற்றுவது, தட்டுவது, கிழிப்பது. பேனா பிடிக்கும் கை அங்கிருந்துதான் தொடங்குகிறது.)

திரும்பத் திரும்ப அதே பாட்டுகள்தானே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். பெட்சி டயமன்ட்-கோஹன் உருவாக்கிய ‘மதர் கூஸ் ஆன் தி லூஸ்’ என்ற கதை நேர முறையில், வாரத்துக்கு வாரம் சுமார் 80 சதவீதம் அப்படியே திரும்பி வரும். புதிது 20 சதவீதம்தான். அடுத்தது என்ன என்று தெரிந்திருக்கும் குழந்தை, அந்தத் ‘தூக்கும்’ அசை வருவதற்கு முன்பே உடம்பை விறைத்துக்கொண்டு காத்திருக்கும். அந்த எதிர்பார்ப்பு நினைவாற்றல் வேலை செய்வதன் அடையாளம். வாரம் ஒரு புதுக் கருப்பொருள், ஆறு புதுப் பாட்டு என்று மெனக்கெடும் அமர்வில் பெரியவருக்கு ஒரு பாட்டும் மனப்பாடம் ஆகாது. வீட்டில் பாட ஒன்றும் மிஞ்சாது.

கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கிலுகிலுப்பையைப் புத்தகத்துக்கு முன்னே கொடுத்துவிடுவார்கள். திரும்ப வாங்கும்போது அழுகை, அதன்பின் யாரும் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. கூடையைக் கொண்டுவந்து, பாடிக்கொண்டே ஒவ்வொருவராகப் போடவைத்தால் அழுகை குறையும். வாயில் வைத்ததற்கென்று தனிக் கூடை வேண்டும். கழுவாமல் அடுத்தவருக்குப் போகக் கூடாது. சோப்புக் குமிழி ஊதினால் தரை வழுக்கும். நடக்கும் குழந்தைகளின் அமர்வில் விளையாட்டு நேரம் முடிந்தபின் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். இசைத்தட்டை உரக்கப் போட்டால் பெரியவர்கள் பாடுவதை நிறுத்திவிடுவார்கள்.

மிகப் பெரிய குறை, நடத்துபவர் ஒரு புத்தகத்தை மூன்று மீட்டர் தள்ளித் தூக்கிக் காட்டுவது. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். சில மாதங்களில் தூரப் பார்வை தெளிந்தாலும், அறையின் மறுபக்கத்தில் இருக்கும் சின்னப் படத்தில் கைக்குழந்தைக்கு என்ன கிடைக்கும்? ஒரே அட்டைப் புத்தகத்தின் பல படிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, எல்லோரும் சேர்ந்து படிக்கும் அமர்வு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே குழந்தை பார்ப்பது தன் மடியில் உள்ள பக்கத்தை. கேட்பது தன் வீட்டுக் குரலை.

முன்பதிவா, வந்தால் சேர்ந்துகொள்ளலாமா? தூக்க நேரம் நாளுக்கு நாள் மாறும் முதல் ஆறு மாதத்துக்கு முன்பதிவு இல்லாததே நிம்மதி. அதன்பின் ஒரே முகங்கள் வரும் ஆறு எட்டு வாரத் தொடர் மேல். ஒன்பது மாதம் ஒட்டி வேற்று முகம் கண்டு மிரளும் பருவம் வரும். தெரிந்த முகங்கள் அப்போது உதவும்.

குழந்தை கொட்டாவி விட்டு, முதுகை வளைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்குப் போதும் என்று பொருள். வெளியே ஐந்து நிமிடம் நடந்துவிட்டுத் திரும்பி வரலாம். அதை யாரும் குறையாக நினைக்காத இடமே நல்ல இடம். பாட்டுக்குக் கை தட்டாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டே இருக்கும் குழந்தைகளும் உண்டு. வீடு திரும்பிய மறுநாள் அதே பாட்டுக்குக் கால் உதைக்கும்.

ஓர் எச்சரிக்கை: கழுத்து நிற்காத குழந்தையைத் துள்ளவைக்கும் பாட்டில் சேர்க்கும்போது தலையையும் கழுத்தையும் கையில் தாங்கி, பக்கவாட்டில் மெல்ல ஆட்டினால் போதும். மேலும் கீழும் குலுக்கக் கூடாது.

வீட்டு மடி

செலவில்லாததும், தினமும் நடக்கக்கூடியதும் இதுதான். நடக்காமல் போவதும் இதுதான். காரணம் பெரும்பாலும் ஒன்று: இருபது நிமிடம் உட்காரவைத்து ஒரு புத்தகத்தை முடிக்க வேண்டும் என்ற நினைப்பு. இரண்டு மூன்று நிமிடம், ஒரு நாளில் நான்கைந்து முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்து, பால் குடித்து, கண் மலர்ந்திருக்கும் நேரம் சரி. பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் புத்தகம் எடுத்தால் இரண்டு பேருக்கும் சோர்வுதான்.

முதல் மூன்று மாதம் இருவரும் தரையில் மல்லாந்து படுத்து, புத்தகத்தை 25 சென்டிமீட்டர் உயரத்தில் பிடிக்கலாம். கறுப்பு வெள்ளைக் கோலங்கள், மனித முகங்கள் கண்ணுக்கு எளிது. நான்கு மாதத்துக்குமேல் மடியில் சாய்வாக, பக்கமும் உங்கள் முகமும் இரண்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை படத்தைப் பார்க்கும் நேரத்துக்கு இணையாக உங்கள் வாயையும் பார்க்கும். குப்புறப் படுத்துத் தலை தூக்கும் நேரத்தில் அட்டைப் புத்தகத்தை விரித்து எதிரே நிறுத்தினால் கழுத்துக்கும் பயிற்சி.

படிக்கும் முறை சின்னது. விரல் வையுங்கள். பெயர் சொல்லுங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். குழந்தை ஏதாவது ஒலி எழுப்பும், கால் உதைக்கும், அல்லது உங்களைத் திரும்பிப் பார்க்கும். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு ஒரு சொல் கூட்டுங்கள்: “ஆமா, நாய்... நாய் ஓடுது.” எல்லோரும் தவறவிடுவது அந்த ஐந்து வரை எண்ணுவதைத்தான். காத்திருக்காமல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனால் நீங்களும் திரைபோல ஆகிவிடுகிறீர்கள்.

அச்சில் உள்ளதை அப்படியே படிக்க வேண்டுமா, படத்தைப் பார்த்துச் சொந்தமாகப் பேசலாமா? இரண்டும் வேண்டும். பேச்சில் நெருக்கம் இருக்கிறது. அச்சில் சொல்வளம் இருக்கிறது: படப் புத்தகங்களில் வரும் வெவ்வேறு சொற்கள், பெரியவர்கள் குழந்தையோடு பேசும்போது புழங்கும் சொற்களைவிட அதிகம் என்று 2015இல் ஜெசிகா மொன்டாக் குழுவினர் ஒப்பிட்டுக் காட்டினார்கள். வீட்டுப் பேச்சு “எடு, வா, சாப்பிடு” என்று ஒரு வட்டத்துக்குள் சுற்றும். புத்தகம் அந்த வட்டத்தை உடைக்கும். படிக்கச் சரளம் இல்லாத பெரியவர் தயங்க வேண்டாம். படத்தைக் காட்டிப் பேசுவதே ஒரு வயதுக்குள் பெரிய பங்கு.

எட்டு ஒன்பது மாதத்தில் குழந்தை படத்தில் உள்ள பொருளைப் பிடுங்கப் பார்க்கும், நகத்தால் கீறும். புத்தகம் பிடிக்கவில்லை என்று நினைத்து எடுத்துவைத்துவிடுகிறார்கள். 1998இல் டிலோச் குழுவினர் பார்த்ததும் இதைத்தான்: 9 மாதக் குழந்தைகள் படத்தை உண்மைப் பொருள்போலப் பற்ற முயன்றன, 19 மாதத்தில் பற்றுவதை விட்டுச் சுட்டிக் காட்டின. படம் என்பது பொருளல்ல, பொருளைக் குறிப்பது என்று அறிவது எழுத்தறிவின் முதல் படி. அதைக் கீறித்தான் கற்க வேண்டும். வாயில் வைத்துச் சப்புவதும் அப்படியே. அதற்காகத்தான் கெட்டி அட்டையும் துணியும்.

புத்தகம் வாங்கும்போதும் இரவல் எடுக்கும்போதும் பார்க்க வேண்டியவை: கைக்கடங்கும் சதுரம், பக்கத்துக்கு ஒரு படம், வெற்றுப் பின்னணி, பத்துப் பக்கத்துக்குள், மழுங்கிய முனை. திறந்து மூடும் மடிப்புகளும் நிமிர்ந்து எழும் உருவங்களும் உள்ள புத்தகங்களைக் கடைகள் முன்வரிசையில் வைக்கும். 2010இல் வந்த ஆய்வில் அத்தகைய புத்தகங்களிலிருந்து குழந்தைகள் கற்றது சாதாரணப் படப் புத்தகங்களைவிடக் குறைவு. கவனம் மடிப்பைத் திறப்பதில் போய்விடுகிறது. விரலுக்கு நல்லது, சொல்லுக்கு அல்ல. மின்புத்தகமும் அப்படியே: 2019இல் டிஃபனி மன்ஸர் குழுவினர் இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளோடு பெற்றோர் படிப்பதைக் கவனித்தபோது, அச்சுப் புத்தகத்தில் பேச்சு அதிகம் இருந்தது.

எத்தனை புத்தகம்? கைக்கெட்டும் தூரத்தில் ஆறேழு போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டை மாற்றுங்கள். ஒரே புத்தகத்தை இருபதாவது முறை கேட்டாலும் படியுங்கள். மூன்று வயதுக் குழந்தைகளிடம் 2011இல் நடந்த ஆய்வில், வெவ்வேறு கதைகளில் புதுச் சொற்களைக் கேட்டவர்களைவிட, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களே அந்தச் சொற்களை நன்றாகக் கற்றார்கள்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. நூலகத்தில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்றால் குழந்தை குழம்பிவிடும் என்று அஞ்சி வீட்டு மொழியை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாத இழப்பு. ஆறு மாதக் குழந்தை தான் கேட்டிராத மொழிகளின் ஒலி வேறுபாடுகளையும் பிரித்தறியும். 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் வெகுவாகக் குறைகிறது என்று 1984இலேயே வெர்க்கரும் டீஸும் காட்டினார்கள். வீட்டு மொழி நேரில், நிறைய, அன்பாகக் காதில் விழ வேண்டிய காலம் இதுதான். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியிலேயே படியுங்கள், பாடுங்கள். நூலகத்தில் இரவல் எடுத்த பிறமொழிப் புத்தகத்தின் படங்களைத் தமிழில் சொல்லலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

வீட்டு மடியின் குறை ஒன்று உண்டு. நான்கு சுவருக்குள் பெரியவரிடம் சரக்கு தீர்ந்துபோகும். எட்டாவது வாரம் பாட்டு மறந்துவிடும், தனிமை அழுத்தும், புத்தகம் அலமாரிக்குப் போகும். நூலகம் ஈடுகொடுப்பது இந்த இடத்தில்தான்.

விளையாட்டு மூலையும் இலவசப் புத்தகமும்

சில நூலகங்களில் யாரும் நடத்தாமலே விரிப்பும் பொம்மையும் புத்தகமும் வைத்திருப்பார்கள். கதை நேரம் உங்கள் நேரத்துக்குப் பொருந்தாவிட்டால் இது நல்ல மாற்று. பொத்தானை அழுத்தினால் பாடும் பொம்மைகளை மட்டும் தள்ளிவையுங்கள். 10 முதல் 16 மாதக் குழந்தைகளிடம் அன்னா சோசா 2016இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய மின்னணுப் பொம்மை இருந்தபோது பெற்றோர் பேசிய சொற்கள் குறைந்தன. புத்தகம் இருந்தபோது கூடின. பொம்மை பேசினால் ஆள் வாயை மூடிக்கொள்கிறார். பொம்மைப் பாதுகாப்புக்கான 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கும் எந்தச் சிறு பொருளும் மூன்று வயதுக்குள் ஆகாது. மூடி திருகி இறுக்காத பட்டன் பேட்டரி இருக்கும் எதையும் தொடவிடாதீர்கள்.

புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கும் திட்டங்களில் பலன் தந்தவை புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டு நிற்கவில்லை. கைக்குழந்தைகளுக்குப் புத்தகப் பை தரும் பிரிட்டனின் ‘புக்ஸ்டார்ட்’ 1992இல் பர்மிங்காமில் 300 குழந்தைகளோடு தொடங்கியது. 1989இல் பாஸ்டனில் தொடங்கிய ‘ரீச் அவுட் அண்ட் ரீட்’ திட்டத்தில் மருத்துவரே பரிசோதனையின்போது புத்தகத்தைக் கொடுத்து, எப்படிக் காட்டுவது என்றும் பெற்றோருக்குச் சொல்வார். அப்படிப் புத்தகமோ பையோ வாங்கிக்கொள்ளும்போது கொடுப்பவரிடம் “ஒரு பக்கம் காட்டுங்களேன்” என்று கேளுங்கள்.

யாருக்கு எது

இரண்டு மூன்று மாதக் குழந்தை, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, தொற்று பரவும் காலம்: வீட்டு மடியே போதும், கூட்டம் வேண்டாம். முதல் குழந்தை, வீட்டில் வேறு பெரியவர் இல்லை, பாட்டு ஒன்றும் நினைவில் இல்லை: நூலகக் கதை நேரத்தை முதலில் தேடுங்கள், குழந்தையைவிட உங்களுக்குத்தான் அது தேவை. வீட்டில் பாட்டி, தாத்தா பாடிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்றால் வாராவாரம் ஓட வேண்டியதில்லை. புத்தகம் மாற்றப் போனால் போதும். பகல் முழுக்க வேறொருவர் பார்த்துக்கொள்கிறார் என்றால், கதை நேரத்துக்கு அவரே குழந்தையோடு போகட்டும். பாட்டின் வரிகள் அச்சிட்ட தாளை வாங்கிவரச் சொல்லி மாலையில் நீங்கள் பாடுங்கள்.

ஒரே ஒரு முறை போய்விட்டு முடிவெடுக்காதீர்கள். முதல் முறை குழந்தைக்கு அறையே புதிது, இரண்டாம் முறை முகங்கள் புதிது. மூன்றாம் முறைதான் பாட்டு காதில் ஏறும். மூன்று வாரம் கழித்து, குளிப்பாட்டும்போதோ துணி மாற்றும்போதோ அங்கே கேட்ட பாட்டு உங்கள் வாயில் தானாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் நடத்துபவரிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லலாம், அதே பாட்டுகளைத் திரும்பவும் பாடச் சொல்லலாம். அதன்பிறகும் வரவில்லை என்றால் வேறு அமர்வைத் தேடுங்கள்.